ஒரு சைக்காலஜி டெஸ்ட்டை கையில எடுக்குறதுக்கு முன்னாடி: ரிலையபிலிட்டி, வேலிடிட்டி பாக்குறது எப்படி

புராஜெக்ட் ரிப்போர்ட்ல ஒரு வரி கண்டிப்பா இருக்கும்: "பயன்படுத்தப்பட்ட அளவுகோல் நம்பகத்தன்மையும் ஏற்புடைமையும் கொண்டது, ஆல்ஃபா மதிப்பு 0.89." நம்பகத்தன்மைங்கிறது ரிலையபிலிட்டி, ஏற்புடைமைங்கிறது வேலிடிட்டி, ஆல்ஃபாங்கிறது ரிலையபிலிட்டியை சொல்ற ஒரு நம்பர். அவ்ளோதான், அடுத்த பாராவுல சாம்பிள் சைஸ் வந்துடும். அந்த 0.89 யார்கிட்ட எடுத்தது, எந்த ஊர்ல, எதுக்காக, நம்மகிட்ட வர்ற ஆளுங்களுக்கும் அது ஒத்து வருமான்னு யாரும் கேக்கறதில்ல, வைவாவுல எக்ஸ்டர்னல் கேட்டா மட்டும் கைடு மூஞ்சியை பாப்போம்.

இந்த கட்டுரை சைக்காலஜி, சோஷியல் ஒர்க், நர்சிங் படிக்கிறவங்களுக்கு, கவுன்சலிங்குக்கு புதுசா வந்தவங்களுக்கு, அப்புறம் "ஒரு டெஸ்ட் வச்சு ஆள் எடுக்கலாமே"ன்னு மேனேஜர் சொல்லி மாட்டிக்கிட்ட ஹெச்ஆர் ஆளுங்களுக்கு. ஸ்டாட்ஸ் பெருசா தெரிஞ்சிருக்கணும்னு இல்ல, ஸ்கொயர் ரூட் போடுற கால்குலேட்டர் போதும். ரிலையபிலிட்டி வேலிடிட்டின்னாலே வட்டத்துல அம்பு குத்துற படம் ஒண்ணு போடுவாங்க இல்ல, அதை நான் போடப்போறதில்ல. அதை பாத்து மனப்பாடம் பண்ணினவங்ககிட்ட ஒரு ஸ்கேலை குடுத்து "இதை யூஸ் பண்ணலாமா"ன்னு கேட்டா பதில் வராது, நான் பாத்தவரைக்கும் அப்படித்தான்.

உதாரணத்துக்கு ஒரே ஒரு டெஸ்ட்டை பிடிச்சுக்குவோம், பிஹெச்கியூ-9. டிப்ரஷன் இருக்கான்னு பாக்குற ஒன்பது கேள்வி, கடந்த ரெண்டு வாரத்துல எவ்ளோ நாள் அப்படி இருந்துச்சுன்னு கேக்கும், ஒவ்வொண்ணுக்கும் 0 முதல் 3 வரைக்கும் மார்க், மொத்தம் 27. 5, 10, 15, 20 இதெல்லாம் கட்ஆஃப், அதாவது எவ்ளோ தீவிரம்னு பிரிக்கிற எல்லைக்கோடு. காசு குடுக்க வேண்டாம், தமிழ் உட்பட நெறைய மொழியில கிடைக்குது, ஆஸ்பத்திரி, காலேஜ், என்ஜிஓ எல்லா இடத்துலயும் இதுதான் ஓடுது.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. "வேலிட் டெஸ்ட்"னு ஒண்ணு உலகத்துல கிடையாது. குறிப்பிட்ட ஆளுங்ககிட்ட, குறிப்பிட்ட முடிவுக்காக, இந்த ஸ்கோரை இப்படி புரிஞ்சுக்கலாம்ங்கிறதுக்கு ஆதாரம் இருக்கா இல்லையா, அதுதான் வேலிடிட்டி. அமெரிக்காவுல கல்வி, சைக்காலஜி சங்கங்கள் சேந்து டெஸ்டிங்குக்குன்னு ஒரு ஸ்டாண்டர்ட்ஸ் புக் போடுறாங்க, கடைசி எடிஷன் 2014, அதுலயும் இதைத்தான் சொல்றாங்க. கீழ வர்ற எல்லாமே இதுக்குள்ள அடங்கிடும்.

படி 1: எதுக்கு, யாருக்குன்னு எழுதி வைங்க

பேப்பர்ல மூணு விஷயம் எழுதுங்க. யாருக்கு இந்த டெஸ்ட் குடுக்கப்போறேன், ஸ்கோரை வச்சு என்ன முடிவு எடுக்கப்போறேன், முடிவு தப்பாச்சுன்னா யாருக்கு என்ன ஆகும். ரெண்டு குரூப்போட சராசரியை கம்பேர் பண்ற ஆராய்ச்சி வேற, ஒரு தனி ஆளைப் பாத்து "உனக்கு இது இருக்கு"ன்னு சொல்றது வேற.

டெஸ்ட் அளவீட்டை பத்தி புக் எழுதின நன்னலி 1978-ல சொன்னதா எல்லாரும் எடுத்துப்போடுற "ரிலையபிலிட்டி 0.70 இருந்தா போதும்"ங்கிற கணக்கு இங்கதான் வருது, ஆனா பாதியைத்தான் எடுத்துப்போடுறாங்க. அவர் 0.70-ன்னு சொன்னது ஆராய்ச்சியோட ஆரம்ப கட்டத்துக்கு. அடிப்படை ஆராய்ச்சிக்கு 0.80. ஒரு தனி மனுஷனோட வாழ்க்கையை தீர்மானிக்கிற முடிவுன்னா குறைஞ்சது 0.90, முடிஞ்சா 0.95. இந்த ரெண்டாவது பாதி எந்த தீசிஸ்லயும் கண்ணுல படுறதே இல்ல.

படி 2: ஒரிஜினல் பேப்பரை தேடி எடுத்து படிங்க

கூகுள்ல "இந்த ஸ்கேல் ஆல்ஃபா எவ்ளோ"ன்னு தேடி முதல்ல வர்ற நம்பரை எடுக்காதீங்க. பிஹெச்கியூ-9 பேப்பர் 2001-ல வந்தது, குரோன்கி, ஸ்பிட்சர், வில்லியம்ஸ் மூணு பேர் எழுதினது. அமெரிக்காவுல 8 பிரைமரி கேர் கிளினிக், 7 மகளிர் மகப்பேறு கிளினிக், மொத்தம் 6000 பேர். ஆல்ஃபா முதல் குரூப்ல 0.89, ரெண்டாவதுல 0.86. அதாவது ஒரே டெஸ்ட், ஒரே பேப்பர், ஆளுங்க மாறினதும் நம்பரும் மாறிடுச்சு, இதை பாத்தாலே "இந்த டெஸ்ட்டோட ரிலையபிலிட்டி 0.89"னு எழுதறது ஏன் அரைகுறைன்னு தெரிஞ்சிடும்.

இன்னும் உள்ள போனா சுவாரஸ்யம். 10 இல்ல அதுக்கு மேல வாங்கினா மேஜர் டிப்ரஷன்னு பாத்தா சென்சிட்டிவிட்டி (நிஜமா இருக்கிறவங்கள்ல எத்தனை பேரை பிடிக்குது) 88 சதவீதம், ஸ்பெசிபிசிட்டி (இல்லாதவங்கள்ல எத்தனை பேரை சரியா விட்டுடுது) 88 சதவீதம்னு எல்லாரும் கோட் பண்றாங்க. இது 6000 பேரை வச்சு வந்தது இல்ல. அதுல 580 பேரை மட்டும் மனநல நிபுணர்கள் போன்ல பேட்டி எடுத்தாங்க, அந்த 580-ல மேஜர் டிப்ரஷன் இருந்தது 41 பேருக்கு. 41-ல 36 பேர் 10-ஐ தொட்டாங்க இல்ல தாண்டினாங்க, அதான் அந்த 88. தப்புன்னு சொல்லல, நல்ல ஸ்டடிதான், பின்னாடி எத்தனையோ ஸ்டடி வந்து பக்கபலமாவும் இருக்கு. ஆனா ஒரு நம்பர் எத்தனை ஆள் தோள்மேல நிக்குதுன்னு பாக்குற பழக்கம் வந்துடுச்சுன்னா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

படி 3: எந்த ரிலையபிலிட்டி வேணும்னு முடிவு பண்ணுங்க

ரிலையபிலிட்டின்னா ஸ்கோர்ல எவ்ளோ நிஜம், எவ்ளோ தற்செயல் பிழைங்கிற கணக்கு. 1904-ல ஸ்பியர்மேன் போட்டுக்குடுத்த யோசனை: நாம பாக்குற ஸ்கோர்ங்கிறது உண்மையான ஸ்கோரும் பிழையும் சேந்தது. பிழை எங்க இருந்து வருதுங்கிறதை பொறுத்து ரிலையபிலிட்டி பாக்குற விதமும் மாறும். நாளைக்கு கேட்டா வேற பதில் வருமா, வேற கேள்வி கேட்டிருந்தா வேற மாதிரி ஆகியிருக்குமா, வேற ஆள் மார்க் போட்டிருந்தா மாறுமா, மூணும் மூணு கேள்வி.

ஆல்ஃபாவை முதல்ல பாப்போம், ஏன்னா எல்லாரும் இதோடயே நிறுத்திக்கிறாங்க. 1951-ல கிரான்பேக் எழுதினது. கேள்விகள் ஒண்ணுக்கொண்ணு எவ்ளோ சேந்து போகுதுன்னு சொல்லும். இதுல ஒரு கள்ளத்தனம் இருக்கு, கேள்வி எண்ணிக்கையை கூட்டினா ஆல்ஃபா தானா ஏறும். கேள்விகளுக்கு நடுவுல சராசரி கோரிலேஷன் (ரெண்டு விஷயம் எவ்ளோ சேந்து ஏறி இறங்குதுங்கிற நம்பர்) வெறும் 0.2-ன்னு வைங்க, 5 கேள்வி இருந்தா ஆல்ஃபா 0.56, 10 இருந்தா 0.71, 20 இருந்தா 0.83. கேள்விங்க தரம் கொஞ்சம்கூட மாறல, நீளம்தான் கூடுச்சு. அதனால 40 கேள்வி ஸ்கேல்ல 0.85 வாங்கிட்டு ஆஹான்னு சந்தோஷப்படாதீங்க, 5 கேள்வி ஸ்கேல்ல 0.65 வந்தா உடனே தூக்கியும் போடாதீங்க. 0.95-க்கு மேல போச்சுன்னா "எனக்கு கவலையா இருக்கு", "நான் கவலைப்படுறேன்", "என் மனசுல கவலை இருக்கு"ன்னு ஒரே கேள்வியை மூணு தடவை கேட்டிருக்கீங்களான்னு பாருங்க.

ஆல்ஃபா ஒரே விஷயத்தைத்தான் அளக்குதுன்னு நிரூபிக்காது, இதையும் நெறைய பேர் குழப்பிக்கிறாங்க. ரெண்டு தனித்தனி விஷயம் கலந்த ஸ்கேல்லயும் ஆல்ஃபா நல்லாவே வரும். அதுக்கு ஃபேக்டர் அனாலிசிஸ் பண்ணணும், கேள்விகள் எத்தனை கூட்டமா பிரியுதுன்னு பாக்குற கணக்கு அது. இப்ப ஜர்னல்கள்ல ஆல்ஃபாவோட சேத்து ஒமேகாங்கிற இன்னொரு ரிலையபிலிட்டி நம்பரும் கேக்குறாங்க, ஜமோவி, ஜாஸ்ப்னு ரெண்டு ஸ்டாட்ஸ் சாஃப்ட்வேர் ஃப்ரீ, ரெண்டுமே ஒரே கிளிக்ல ஒமேகா குடுக்கும்.

ஆல்ஃபா மைனஸ்ல வந்துச்சுன்னா, இல்ல 0.2, 0.3-ன்னு வந்துச்சுன்னா பயப்படாதீங்க, பெரும்பாலும் ரிவர்ஸ் ஐட்டம், அதாவது தலைகீழா கேக்கிற கேள்வியோட மார்க்கை, திருப்பி போட விட்டுப்போயிருக்கும். உதாரணத்துக்கு ரோசன்பெர்க் சுயமதிப்பு ஸ்கேல்ல 10 கேள்வி, 5 நேரா கேக்கும், 5 தலைகீழா கேக்கும், அந்த 5-ஐ திருப்பி கோடு பண்ணாம ஓட்டினா கேவலமான ஆல்ஃபாதான் வரும். சாஃப்ட்வேர்ல ஒவ்வொரு கேள்விக்கும் மொத்தத்துக்கும் உள்ள கோரிலேஷன் காட்டும், மைனஸ்ல இருக்கிறதை பாத்தா எதை திருப்பலன்னு கண்டுபிடிச்சிடலாம். திருப்பின பிறகும் மைனஸ்லயே நின்னா அந்த கேள்வியை மக்கள் வேற மாதிரி புரிஞ்சுக்கிட்டாங்கன்னு அர்த்தம், அதை படி 5-ல பாப்போம்.

டெஸ்ட்-ரீடெஸ்ட்: அதே ஆளுக்கு கொஞ்ச நாள் கழிச்சு திரும்ப குடுக்கறது. எத்தனை நாள் கழிச்சுங்கிறதுக்கு மந்திர நம்பர் எல்லாம் கிடையாது. புத்திக்கூர்மை, பர்சனாலிட்டி மாதிரி சீக்கிரம் மாறாத விஷயம்னா சில வாரம் விடலாம், மூடு மாதிரி மாறுறதுக்கு மாசக்கணக்குல விட்டா நீங்க அளக்குறது டெஸ்ட்டோட பிழையா, அந்த ஆள் நிஜமாவே மாறிட்டாரான்னு பிரிக்கவே முடியாது. பிஹெச்கியூ-9-ல 48 மணி நேரத்துக்குள்ள பாத்தாங்க, 0.84 வந்துச்சு. முதல்ல கிளினிக்ல அவங்களே எழுதினது, அடுத்தது போன்ல கேட்டது, அதனால அந்த 0.84-ல நாள் மாறினதும் இருக்கு, கேட்ட விதம் மாறினதும் இருக்கு.

இங்க ஒரு பொறி. அஞ்சு பேர் முதல் தடவை 4, 8, 11, 15, 19 வாங்குறாங்க. ரெண்டாவது தடவை 7, 11, 14, 18, 22. எல்லாருக்கும் சரியா 3 ஏறியிருக்கு. பியர்சன் கோரிலேஷன் போட்டா சுத்தமா 1.00 வரும், அடடான்னு இருக்கும். ஆனா 4 வாங்கினவர் இப்ப 5-ஐ தாண்டிட்டார், 8 வாங்கினவர் 10-ஐ தாண்டிட்டார், 19 வாங்கினவர் 20-ஐ தாண்டி தீவிரம்ங்கிற பக்கம் போயிட்டார். வரிசை மாறல, அதனால பியர்சனுக்கு ஒண்ணும் தெரியாது. கட்ஆஃப் வச்சு முடிவு எடுக்கப்போறீங்கன்னா ஐசிசி (இன்ட்ராகிளாஸ் கோரிலேஷன்) போடுங்க, அதுலயும் அப்சொல்யூட் அக்ரீமென்ட்ங்கிற ஆப்ஷனை தேர்ந்தெடுங்க, வரிசை மட்டும் இல்லாம மார்க்கே ஒத்துப்போகுதான்னு அது பாக்கும்.

ரெண்டு பேர் மார்க் போடுற இடத்துல, அதாவது பேட்டி, குழந்தைங்க நடத்தையை பாத்து குறிக்கிறது மாதிரி வேலையில, சதவீதத்தை மட்டும் எழுதி ஏமாறாதீங்க. 100 பேரை ரெண்டு பேர் தனித்தனியா பாக்குறாங்க, 88 பேருக்கு ரெண்டு பேருமே "இல்ல", 2 பேருக்கு ரெண்டு பேருமே "இருக்கு", மிச்சம் 10 பேர்ல ஆளுக்கு அஞ்சு இடத்துல மாறி மாறி சொல்லிட்டாங்க. 90 சதவீத ஒற்றுமைன்னு கேக்க பெருசா இருக்கும். கோஹன் 1960-ல குடுத்த கப்பா போட்டா 0.23. ஏன்னா பெரும்பாலும் "இல்ல"ன்னே சொல்லிக்கிட்டு போனா தூங்கிக்கிட்டே சொன்னாலும் 87 சதவீதம் ஒத்துப்போயிடும், அதைக் கழிச்சுட்டு பாத்தா அவ்ளோதான் மிச்சம்.

படி 4: ரிலையபிலிட்டியை மார்க்கா மாத்துங்க

இந்த படியை யாரும் செய்யறதில்ல, என்னைக் கேட்டா மொத்த விஷயத்துலயும் இதுதான் ரொம்ப பிரயோஜனம். 0.84 அப்படிங்கிறது கையில பிடிபடாது. அதை மார்க் கணக்குக்கு கொண்டுவரணும். ஸ்டாண்டர்ட் எரர் ஆஃப் மெஷர்மென்ட்னு சொல்வாங்க, 1-லேர்ந்து ரிலையபிலிட்டியை கழிச்சு, ஸ்கொயர் ரூட் எடுத்து, ஸ்டாண்டர்ட் டீவியேஷனால (ஸ்கோருங்க சராசரியிலேர்ந்து எவ்ளோ பரவியிருக்குங்கிற அளவு) பெருக்கணும்.

உங்க சாம்பிள்ல டீவியேஷன் 6-ன்னு வைங்க, ரிலையபிலிட்டி 0.84. 1-ல 0.84 போனா 0.16, ரூட் 0.4, ஆறால பெருக்கினா 2.4. 95 சதவீத வரம்பு வேணும்னா அதை 1.96-ஆல பெருக்குங்க, 4.7. அப்படின்னா 11 வாங்கின ஒருத்தரோட ஸ்கோர் கிட்டத்தட்ட 6-க்கும் 16-க்கும் நடுவுல எங்க வேணா இருக்கலாம். அதாவது லேசானது முதல் கொஞ்சம் தீவிரமானது வரைக்கும். இவ்ளோ நல்ல ரிலையபிலிட்டி இருந்தும் இந்த கதி.

கவுன்சலிங்குக்கு முன்னாடி, பின்னாடின்னு கம்பேர் பண்றவங்களுக்கு இன்னும் ஒரு படி இருக்கு, ரெண்டு ஸ்கோர்லயும் பிழை இருக்கறதால 2.4-ஐ ரூட் ரெண்டால பெருக்கணும், 3.4, அதை 1.96-ஆல பெருக்கினா 6.7 வரும். ஒருத்தருக்கு 14-லேர்ந்து 10-க்கு இறங்கிடுச்சு, கவுன்சலிங் வேலை செஞ்சிடுச்சுன்னு எழுதுறதுக்கு முன்னாடி இதை பாத்துக்கோங்க, இந்த சாம்பிள்ல 7 மார்க்காவது இறங்கினாத்தான் அது பிழையை தாண்டின மாற்றம். ஜேக்கப்சன், ட்ருவாக்ஸ் 1991-ல சொன்ன ரிலையபிள் சேஞ்ச் இன்டெக்ஸ் இதேதான்.

வெறும் ஸ்டாட்ஸ் விளையாட்டுன்னு நினைக்காதீங்க, ஒரு ஆளோட உயிரே இதுல தொங்கியிருக்கு. அமெரிக்காவுல அறிவுசார் குறைபாடு இருக்கிறவங்களுக்கு மரண தண்டனை குடுக்கக்கூடாதுன்னு 2002-ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. ஃப்ளோரிடா மாநிலம் என்ன பண்ணுச்சுன்னா ஐக்யூ 70 இல்ல அதுக்கு கீழ இருந்தாத்தான் மத்த ஆதாரத்தையே பாப்போம்னு ஒரு கோடு கிழிச்சுது. ஃப்ரெடி ஹால்ங்கிறவர் 71 வாங்கியிருந்தார். ஒரு மார்க். 2014-ல ஹால் எதிர் ஃப்ளோரிடா வழக்குல, டெஸ்ட்டுக்கு அளவீட்டு பிழை இருக்குன்னு அதை வெளியிடுறவங்களே சொல்றப்ப, அதை கண்டுக்காம ஒரே நம்பர்ல கோடு போடக்கூடாதுன்னு 5-க்கு 4-ங்கிற பெரும்பான்மையில தீர்ப்பு குடுத்தாங்க. மனநல பிரச்சனைகளை வகைப்படுத்துற டிஎஸ்எம்-5 புக்லயும் 70 ப்ளஸ் மைனஸ் 5-ன்னுதான் போட்டிருக்கு. இங்க நாம எழுதிக்குடுக்கிற ரிப்போர்ட்ல "ஐக்யூ 71" னு மொட்டையா ஒரு நம்பரை மட்டும் போடாம பக்கத்துல வரம்பையும் போடுங்க, அந்த ரிப்போர்ட்டை வச்சுத்தான் அந்த பையனுக்கு சலுகை கிடைக்கிறதும் கிடைக்காம போறதும்.

படி 5: வேலிடிட்டிக்கு ஆதாரம் சேருங்க

பழைய புக்ல கன்டென்ட், கிரைட்டீரியன், கன்ஸ்ட்ரக்ட்னு மூணு தனித்தனி வேலிடிட்டின்னு இருக்கும். இப்ப வேலிடிட்டி ஒண்ணுதான், ஆதாரம்தான் பல வகைன்னு மாத்திட்டாங்க. எக்ஸாம்ல மூணுன்னு கேட்டா மூணு எழுதுங்க, வேலை செய்யும்போது இப்படி யோசிங்க.

கேள்விங்க சரியானதை கேக்குதா? பிஹெச்கியூ-9-ல ஒன்பது கேள்வியும் டிஎஸ்எம்-4-ல இருக்கிற டிப்ரஷனோட ஒன்பது அறிகுறியிலேர்ந்து நேரா எடுத்தது, அதனால இங்க பிரச்சனை கம்மி. நீங்களே ஸ்கேல் எழுதினா எக்ஸ்பர்ட்ஸ்கிட்ட குடுத்து ஒவ்வொரு கேள்வியும் அவசியமான்னு கேக்கணும். லாஷே 1975-ல ஒரு ஃபார்முலா குடுத்தார், 10 பேர்ல 9 பேர் அவசியம்னா 9-லேர்ந்து பாதியான 5-ஐ கழிச்சு, அதே 5-ஆல வகுத்தா 0.80. ஒரே டிபார்ட்மென்ட்ல பக்கத்து பக்கத்து ரூம்ல இருக்கிற பத்து பேர்ட்ட கையெழுத்து வாங்கிட்டு வந்து இந்த நம்பரை போடுறது நம்ம ஊர் வழக்கம், அதுக்கு என்ன மதிப்புன்னு நீங்களே சொல்லுங்க.

பதில் சொல்றப்ப மனசுல என்ன ஓடுது? ஆராய்ச்சியில ரொம்ப அலட்சியமா விடுற இடம் இது. அஞ்சாறு பேரை உக்கார வச்சு ஒவ்வொரு கேள்வியையும் படிக்கச்சொல்லி "இது என்ன கேக்குதுன்னு நினைக்கிறீங்க, ஏன் இந்த பதில் போட்டீங்க"ன்னு கேளுங்க. சும்மா ஒரு சாயங்கால வேலை. பிஹெச்கியூ-9-ஐ மூணு மாச கைக்குழந்தை வச்சிருக்கிற ஒரு அம்மாகிட்ட குடுத்ததா யோசிச்சு பாருங்க. தூக்கத்துல பிரச்சனை இருக்கா? தினமும் ராத்திரி பிள்ளை மூணு தடவை எழுப்புது, 3 மார்க். சோர்வா இருக்கா? 3. பசி இல்லையா, இல்ல ரொம்ப சாப்பிடுறீங்களா? பால் குடுக்கறதால அடிக்கடி பசிக்குது, 2. எதுலயாவது கவனம் செலுத்த முடியலையா? 2. ஆச்சு 10, கட்ஆஃபை தொட்டாச்சு, ஆனா மனசு கஷ்டமா இருக்கான்னு கேட்டதுக்கும் எதுலயும் நாட்டம் இல்லையான்னு கேட்டதுக்கும் 0. எந்தெந்த கேள்வியில மார்க் வந்துச்சுன்னு பாக்காம மொத்தத்தை மட்டும் எக்செல்ல போட்டா இந்த அம்மா டிப்ரஷன் லிஸ்ட்ல போயிடுவாங்க.

இதுக்காகத்தான் 1987-ல எடின்பரோ ஸ்கேல்னு தனியா ஒண்ணு ஸ்காட்லாந்துல உருவாக்கினாங்க, பிரசவத்துக்கு பிறகான டிப்ரஷனுக்கு, 10 கேள்வி. உடம்பு சம்பந்தப்பட்ட அறிகுறியெல்லாம் வேணும்னே தவிர்த்திருக்காங்க. தூக்கத்தை பத்தி ஒரு கேள்வி உண்டு, ஆனா அது எப்படின்னா, தூக்கம் வராத அளவுக்கு மனசு வருத்தமா இருந்தீங்களான்னு கேக்கும். குழந்தை எழுப்பினதை அது எண்ணாது.

உள்ளுக்குள்ள அமைப்பு எப்படி? ஒன்பதையும் கூட்டி ஒரே மொத்தம் போடுறோம்னா ஒன்பதும் ஒரே விஷயத்தை அளக்குதுன்னு நம்புறோம். பிஹெச்கியூ-9-ல சில ஸ்டடியில ஒரே ஃபேக்டர் வந்திருக்கு, சிலதுல மனசு சம்பந்தப்பட்டது, உடம்பு சம்பந்தப்பட்டதுன்னு ரெண்டா பிரிஞ்சிருக்கு. மேல சொன்ன அம்மாவை ஞாபகம் வச்சுக்கிட்டா இது ஏன்னு புரியும்.

மத்ததோட எப்படி ஒத்துப்போகுது? சேரவேண்டியதோட சேரணும், சேரக்கூடாததோட விலகணும், கேம்பெல், ஃபிஸ்கே 1959-ல சொன்னது. டிப்ரஷன் ஸ்கேல் இன்னொரு டிப்ரஷன் ஸ்கேலோட 0.70 வந்துச்சுன்னு எழுதிட்டு நிறுத்தாதீங்க, பதட்டத்தை அளக்குற ஸ்கேலோட எவ்ளோன்னும் பாருங்க, அதுவும் 0.70 வந்தா நீங்க அளக்குறது டிப்ரஷனா, பொதுவான மன உளைச்சலான்னு கேள்வி வரும். இங்க ரிலையபிலிட்டியும் கால் வாரும், ஒரு ஸ்கேலுக்கு 0.64, இன்னொண்ணுக்கு 0.81-ன்னா, நிஜத்துல ரெண்டும் ஒரே விஷயமா இருந்தாலும் கோரிலேஷன் 0.72-க்கு மேல ஏறாது, ரெண்டையும் பெருக்கி ரூட் எடுத்தா வர்ற உச்சவரம்பு அது. ரிலையபிலிட்டி இல்லாம வேலிடிட்டி இல்லன்னு சொல்றதோட கணக்கு இதுதான்.

ஹெச்ஆர் ஆளுங்களுக்கு: டெஸ்ட் மார்க்குக்கும் வேலை செய்யறதுக்கும் தொடர்பு இருக்கான்னு பாக்கணும், இருக்கும்னு நினைச்சா போதாது. டியூக் பவர் கம்பெனி வழக்குன்னு ஒண்ணு, 1971, அமெரிக்க சுப்ரீம் கோர்ட். வட கரோலினாவுல அவங்க மின் நிலையத்துல நல்ல வேலைக்கு போகணும்னா ஹைஸ்கூல் சர்டிபிகேட்டும் வொண்டர்லிக், பென்னட்னு ரெண்டு டெஸ்ட்டும் வச்சாங்க. கறுப்பின தொழிலாளிங்கதான் அதிகமா வெளிய நின்னாங்க, வேலையை நல்லா செய்யறதுக்கும் அந்த டெஸ்ட்டுக்கும் என்ன சம்பந்தம்னு கம்பெனியால காட்ட முடியல, தோத்துட்டாங்க. டெஸ்ட் மோசம்னு கோர்ட் சொல்லல, இந்த வேலைக்கு இதுன்னு ஆதாரம் எங்கன்னுதான் கேட்டுச்சு. எம்பிடிஐங்கிற பர்சனாலிட்டி டெஸ்ட் வச்சு ஆள் எடுக்கிறவங்க இதை யோசிக்கணும், அதை வெளியிடுறவங்களே ஆள் எடுக்க யூஸ் பண்ணாதீங்கன்னு சொல்றாங்க. நீங்களா தொடர்பு பாக்க கிளம்பினா ரெண்டு விஷயம்: மார்க் போடுற சூப்பர்வைசருக்கு டெஸ்ட் ஸ்கோர் தெரியக்கூடாது, அப்புறம் டெஸ்ட்ல பாஸானவங்களை மட்டும் வச்சு கோரிலேஷன் போட்டா கம்மியாத்தான் வரும், ஏன்னா கீழ இருக்கிறவங்க டேட்டாவுலயே இல்ல.

படி 6: கட்ஆஃபை உங்க இடத்துல வச்சு பாருங்க

சென்சிட்டிவிட்டி 88, ஸ்பெசிபிசிட்டி 88. காலேஜ்ல 1000 பேருக்கு குடுக்கறீங்க, நிஜமா டிப்ரஷன் இருக்கிறது 50 பேருக்குன்னு வைங்க. 50-ல 44 பேரை பிடிச்சிடும். இல்லாத 950 பேர்ல 12 சதவீதம், அதாவது 114 பேரையும் சேத்து பிடிக்கும். மொத்தம் 158 பேர் லிஸ்ட்ல, அதுல நிஜமா இருக்கிறவங்க 28 சதவீதம்தான். இதே டெஸ்ட்டை பாதிக்கு கொஞ்சம் கம்மியா, 1000-க்கு 400 பேருக்கு டிப்ரஷன் இருக்கிற ஒரு மனநல ஓபியில குடுத்தா 352 சரி, 72 தப்பு, 83 சதவீதம் சரி. டெஸ்ட் அதேதான், வாசல்தான் மாறுச்சு. அதனால ஸ்க்ரீனிங்ல 10-ஐ தாண்டினவங்களை "டிப்ரஷன் உள்ளவர்கள்"னு டேபிள்ல எழுதாதீங்க, "மேல பேசிப்பாக்க வேண்டியவங்க"ன்னு எழுதுங்க, பேசவும் செய்யுங்க.

இன்னொண்ணு, இந்த ஸ்கேலோட ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணத்தை பத்தினது. அதுல 0 தவிர எது வந்தாலும் அன்னைக்கே அந்த ஆள்கிட்ட யார் பேசப்போறாங்க, எங்க அனுப்பப்போறீங்கன்னு ஃபார்ம் குடுக்கறதுக்கு முன்னாடியே முடிவாகியிருக்கணும், டெலி மானஸ்ங்கிற அரசு மனநல உதவி லைன் 14416 நம்பரும் கையில இருக்கணும். கூகுள் ஃபார்ம்ல பேர் இல்லாம வாங்கி ரெண்டு மாசம் கழிச்சு திறந்து பாத்து "ஐயோ"ங்கிறது எந்த வேலிடிட்டியிலயும் சேத்தி இல்ல.

படி 7: மொழிபெயர்ப்பும் பைலட்டும்

ஏற்கனவே நல்ல தமிழ் வெர்ஷன் இருந்தா புதுசா பண்ணாதீங்க. இல்லன்னா ரெண்டு பேர் தனித்தனியா தமிழ்ல எழுதி, ஒண்ணாக்கி, ஒரிஜினலை பாக்காத ஒருத்தர் திரும்ப இங்கிலீஷ்ல எழுதி, வித்தியாசம் எங்கன்னு பாக்கணும். பிரிஸ்லின் 1970-லயே சொன்ன முறை. அதோட முடியல, படி 5-ல சொன்ன மாதிரி ஆளுங்களை உக்கார வச்சு கேக்கணும். தலைகீழ் கேள்விங்கதான் தமிழ்ல ரொம்ப உதைக்கும், "நான் பயனற்றவன் என்று நான் நினைப்பதில்லை"ன்னு ஒரு வரிக்கு "இல்லை"ன்னு ஒருத்தர் டிக் பண்ணா அவர் என்ன சொல்றார்னு அவருக்கே தெரியாது.

காசு குடுத்து வாங்கவேண்டிய டெஸ்ட்டை, பெக் டிப்ரஷன் இன்வென்டரி மாதிரி, ஜெராக்ஸ் போட்டு ஓட்டாதீங்க. நார்ம்ஸ், அதாவது ஸ்கோரை ஒப்பிட்டுப் பாக்க மத்தவங்ககிட்ட எடுத்து வச்ச அளவு, எந்த வருஷம் எடுத்ததுன்னும் பாருங்க, பழைய ஐக்யூ நார்ம்ஸ்ல இன்னைக்கு பிள்ளைங்க ஸ்கோர் ஏறித்தான் தெரியும்.

படி 8: எழுதறது

"இந்த ஸ்கேல் ரிலையபிள், வேலிட்"ங்கிற வரியை அழிச்சிடுங்க. அதுக்கு பதிலா இந்த மாதிரி: எந்த வெர்ஷன், எந்த மொழி, ஒரிஜினல்ல யார்கிட்ட என்ன ரிலையபிலிட்டி வந்துச்சு, உங்க சாம்பிள்ல ஆல்ஃபாவும் ஒமேகாவும் எவ்ளோ, அளவீட்டு பிழை எத்தனை மார்க், உங்க ஆளுங்க மாதிரி ஆளுங்ககிட்ட இதுக்கு முன்னாடி என்ன ஆதாரம் இருக்கு, எது இல்ல. இல்லாததை இல்லன்னே எழுதுங்க, எக்ஸ்டர்னல் அதுக்கு மார்க் குறைக்க மாட்டார், பெரும்பாலும் கூட்டத்தான் செய்வார். இப்படி எழுதினா ஒரு ஸ்கேலுக்கே ஒரு பக்கம் போயிடும், கைடு நீளமா இருக்குன்னு சொன்னா டேபிளா மாத்தி அப்பெண்டிக்ஸ்ல போட்டுடுங்க.